வீரர்க்கு உடை வகுத்தோர்

கண்ணாற் காணாத வீரன் ஒருவனை ஓவியரைக் கொண்டு எழுதுவித்துக் கண்டு மகிழ்தல் மக்களிடையே நெடுங்காலமாக நிலவிவரும் வழக்கமாகும். அரண்மனைக்கு ஓவியம் வேண்டிய அரசரும், தம் கதைக்குப் படம் வேண்டிய ஆசிரியரும், கோயிற்சுவருக்குச் சித்திரம் வேண்டிய அறங்காவலரும் ஓவியனிடம் சென்று கேட்டது ஒன்றே: "இவ்வீரனை அவன் காலத்துக் கோலத்தில் எமக்கு எழுதித் தருக" என்பதே அது. இக்காலத்து அமெரிக்க நாட்டிலே படக்கதைகளில் வரும் அதிமானுட வீரர்பால் அன்பு பூண்டோர், தாம் விரும்பும் ஓவியருக்குப் பொருள் கொடுத்து, அவ்வீரரை அவர்கள் முதன்முதல் தோன்றிய பழைய உடையிலேயே வரைவித்துப் பேணிவருகின்றனர். இதனைக் கேட்டுச் சிலர் நகைக்கலாம். ஆயின் 1888ஆம் ஆண்டில் பரோடா மன்னர் செய்வித்ததும், 1950ஆம் ஆண்டில் கல்கி ஆசிரியர் செய்வித்ததும் இதனோடு ஒப்ப வைத்து ஆராயத்தக்கனவே.

"பழைய உடை" என்று நாம் கூறுவது யாது? அது பழையதென்று அறிதற்குச் சான்று எங்கே உள்ளது? அதனை முடிவு செய்பவர் யார்? இவ்வினாக்களை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். வீரர் மூவகையினர். கதையாசிரியர் புனைந்த வீரர் ஒருவகை. புராண இதிகாச வீரர் ஒருவகை. வரலாற்று வீரர் ஒருவகை. இம்மூவர்க்கும் உடைபற்றிய சான்று மூன்று வேறு இடங்களில் உள்ளது. ஒருவகையாருக்கு உரிய சான்றை மற்றொரு வகையாருக்குக் கொள்வதனாலேயே பல பிழைகள் எழுகின்றன என்பது இங்கு காட்டப்படும்.

முதற்கண் புனைந்த வீரரை எடுத்துக்கொள்வோம். சூப்பர்மான் எனும் வீரன் 1938ஆம் ஆண்டு ஜூன் மாதத் தேதியிட்டு வெளிவந்த ஆக்‌ஷன் காமிக்ஸ் என்னும் சஞ்சிகையின் முதல் இதழில் தோன்றினான். அவனைப் படைத்தோர் கிளீவ்லாந்து நகரத்து இளைஞரான ஜெரி சீகல், ஜோ ஷஸ்டர் எனும் இருவர். உடலோடு ஒட்டிய நீல உடை, தோளிலிருந்து தொங்கும் செம்போர்வை, நீல உடையின் மேல் அணிந்த சிவப்பு அரைக்காற்சட்டை என்பன அவன் கோலம். இவ்வுடை வேற்றுலகத்து உடையென்று கதை கூறினும், ஓவியரான ஷஸ்டர் அதனை அக்காலத்துச் சர்க்கஸ் பயில்வான்களின் உடையைப் பார்த்தே வகுத்தார். பாரந்தூக்கும் பயில்வான்கள் ஒட்டுடையின்மேல் காற்சட்டை அணிந்து கூடாரத்தில் நிற்பதை அந்நாளில் எல்லாரும் கண்டிருந்தனர். எனவே அவ்வுடை 1938இல் பழையதன்று. அன்றைய காட்சிமேடையின் உடையேயாகும். சர்க்கஸ் பயில்வான்கள் மறைந்தபின், அவர்களுடைய உடையை வீரன் மட்டும் அணிந்து நின்றான். அப்பொழுதே அது "பழம்பெருங்கோலம்" ஆயிற்று. 2011ஆம் ஆண்டில் பதிப்பாளர் அச்சிவப்புக் காற்சட்டையை நீக்கினர். அன்பர் பலர் அதன் இழப்பை நினைந்து வருந்தினர். 2018ஆம் ஆண்டில் அச்சஞ்சிகையின் ஆயிரமாவது இதழில் அது மீண்டும் வந்தது.

இவ்வீரனுக்கு முன்னரே, 1936ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்தில், லீ ஃபால்க் என்பார் எழுத ரே மூர் வரைந்த முகமூடி வீரன் ஒருவன் அமெரிக்கச் செய்தித்தாள்களில் தோன்றினான். தமிழில் அவன் வேதாளன் என்றும் மாயாவி என்றும் வழங்கப்பட்டான். ஈழத்திலும் தமிழகத்திலும் அவன் கதையை ஒளித்து வைத்துப் படித்த மாணவர் பலர் இன்று பாட்டனாராய் உள்ளனர். அவனுடைய ஒட்டுடையை ஃபால்க் சாம்பல் நிறமாகவே மனத்திற் கொண்டிருந்தார். 1939ஆம் ஆண்டில் ஞாயிற்றுக்கிழமை வண்ணப் பக்கம் தொடங்கியபோது அவ்வுடை ஊதாவாக அச்சாயிற்று. சுவீடன் நாட்டில் அவனுக்கு நீல உடை. இத்தாலியிலும் பிரேசிலிலும் செவ்வுடை. ஆகவே, "அவனை மூல உடையில் வரைந்து தருக" என்று சுவீடன் நாட்டார் ஒருவரும் பிரேசில் நாட்டார் ஒருவரும் கேட்பாராயின், ஓவியன் இரண்டு வேறு நிறங்களைக் குழைக்க வேண்டியவனாவான்.

அவ்வீரனின் முகமூடியிற் கண்மணி தெரிவதில்லை. கிரேக்கச் சிலைகளின் கண்களிற் பாவை இல்லாமையைக் கண்டே தாம் அவ்வாறு அமைத்ததாக ஃபால்க் கூறியுள்ளார். ஆயின் அக்கிரேக்கச் சிலைகள் செய்யப்பெற்ற காலத்தில் வண்ணம் பூசப்பெற்றிருந்தன என்பதும், கண்மணிகளும் தீட்டப்பெற்றிருந்தன என்பதும் ஆய்வாளர் கண்ட உண்மை. காலத்தால் வண்ணம் உதிர்ந்தது. உதிர்ந்த கோலத்தையே பின்னோர் தொன்மைக் கோலமென்று போற்றினர். தொன்மை என்று நாம் வணங்குவது சிலவேளை தொன்மையின் சிதைவே என்பதற்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு வேண்டா.

எனினும் புனைந்த வீரர் திறத்தில் ஐயந்தீர்த்தல் எளிது. சூப்பர்மானின் மூல உடை யாதென்று வழக்கு எழுமாயின் 1938ஆம் ஆண்டுப் பக்கத்தை எடுத்துப் பார்த்தால் வழக்குத் தீரும். அவனுக்கு அப்பக்கத்துக்கு முந்திய வாழ்வு இல்லை. முதற்படமே அவன் பிறப்புப் பதிவு. ஆதலின் அதே கோலத்தில் வரைந்து தருமாறு அன்பர் வேண்டுவது முறையான வேண்டுகோளேயாகும்.

இனிப் புராண வீரரிடம் வருவோம். கேரளத்துக் கிளிமானூரில் 1848ஆம் ஆண்டு பிறந்த இரவிவர்மா, எண்ணெய்வண்ண ஓவியத்தில் ஐரோப்பிய முறையைக் கைக்கொண்டு பெரும்புகழ் எய்தியவர். பரோடா மன்னர் மூன்றாம் சயாஜிராவ் 1888ஆம் ஆண்டில் தம் இலட்சுமி விலாச அரண்மனைக்கென இதிகாச புராணக் காட்சிகளாகப் பதினான்கு ஓவியங்களை வரைந்து தருமாறு அவரை வேண்டினார். நளன் தமயந்தி, விசுவாமித்திரர் மேனகை, அருச்சுனன் சுபத்திரை முதலியோர் அவற்றில் இடம்பெற்றனர். ஓவியர் உடனே தூரிகையை எடுத்தாரல்லர். தம்பியார் இராசராச வர்மாவையும் உடன்கொண்டு வடநாடெங்கும் சுற்றுப்பயணம் செய்தார். பாரத நாட்டார் அனைவரும் தம் முன்னோர் உடையென்று ஏற்றுக்கொள்ளத்தக்க ஒரு பொது உடையைத் தேடுவதே அப்பயணத்தின் நோக்கம்.

அவர் தேடியது கிடைக்கவில்லை. மாகாணந்தோறும் உடை வேறுபட்டது, சாதிதோறும் வேறுபட்டது, ஆட்சிமாற்றங்களால் உடுக்கும் முறையும் மாறியிருந்தது. முடிவில் அவரே ஒன்றை வகுத்தார். பெண்டிர்க்குப் புடைவையும் இரவிக்கையும், ஆடவர்க்குப் பட்டாடையும் மேலாடையும் மணிமுடியும் அணிவித்தார். அப்புடைவையைக் கட்டிய முறை அவர் காலத்தில் மேற்கிந்தியப் பெண்டிர் கட்டிய முறையை ஒட்டியது. அரசரின் கோலத்தில் அக்கால நாடகமேடையின் சாயல் படிந்தது. 1890ஆம் ஆண்டில் ஓவியங்கள் நிறைவுற்றன. அவற்றிற்கு மன்னர் அளித்த தொகை 50,000 ரூபா என்பர்.

இவ்வோவியங்கள் அரண்மனையோடு நின்றிருப்பின் நாம் இவ்வளவு பேசவேண்டியதில்லை. திருவிதாங்கூரிலும் பரோடாவிலும் திவானாக விளங்கிய சர் த. மாதவராவ், இரவிவர்மாவின் படங்களை அச்சிற் பெருக்கிப் பரப்புதல் நாட்டுக்கு நன்றாமென முன்னரே எடுத்துரைத்திருந்தார். 1894ஆம் ஆண்டில் பம்பாயில் இரவிவர்மா அச்சகம் நிறுவினார். வண்ணக் கல்லச்சுப் படங்கள் சில அணா விலையில் ஊர்தோறும் சென்றன. மன்னர் ஒருவரின் வேண்டுகோளுக்காக ஓவியர் ஒருவர் வகுத்த உடை, இரண்டு தலைமுறைக்குள் இலட்சுமியும் சரசுவதியும் என்றென்றும் அணிந்திருந்த உடையென்று மக்கள் நம்பும் நிலை வந்தது. பின்வந்த நாட்காட்டிப் படங்களும் புராணத் திரைப்படங்களும் அதன் வழியிற் சென்றன. கோவிற்பட்டியில் இருந்து தமிழ்நாட்டுக்கெல்லாம் தெய்வப் படங்களை எழுதித் தந்த கொண்டையராசு நாடகத் திரைச்சீலைகள் எழுதியவர் என்பதும் ஈண்டு நினைவுகூரத்தக்கது.

இதனை எதிர்த்து எழுந்த குரல்களுள் முதன்மையானது நம் ஈழத்தவர் ஒருவரின் குரலாகும். 1877ஆம் ஆண்டு கொழும்பிற் பிறந்த கலாயோகி ஆனந்தக் குமாரசுவாமி, இரவிவர்மா மறைந்த மறுவாண்டாகிய 1907இல், அவருடைய தெய்வ வடிவங்கள் நாடகப்பாங்கின என்றும், உயர்ந்த கற்பனை குன்றியன என்றும், பொதுமாந்தரைத் தெய்வப் பெயரால் நிறுத்தியன என்றும் கண்டித்து எழுதினார். 1905ஆம் ஆண்டில் இலங்கைச் சமூகச் சீர்திருத்தச் சங்கத்தை நிறுவி, இந்நாட்டார் ஐரோப்பிய உடையை ஆராயாது மேற்கொள்வதைக் கண்டித்தவரும் அவரே. உடை வெறும் துணியன்று, ஒரு சமுதாயத்தின் நினைவு என்பது அவர் கொண்ட கொள்கை.

குமாரசுவாமியின் கண்டனத்தில் உண்மை உண்டு. எனினும் இரவிவர்மாவின் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. நளன் உடுத்த துணி யாது, அருச்சுனன் தலையில் அணிந்தது யாது என்பவற்றை அளந்து காட்டும் சான்று எவரிடத்தும் இல்லை. காவியங்கள் "பொன்னாடை" என்றும் "மணிமுடி" என்றும் பாடும். தையற்காரனுக்கு அளவு சொல்லா. சான்றில்லாத இடத்தில் ஓவியன் ஏதேனும் ஒன்றை வகுத்தே ஆகவேண்டும். வகுத்ததனைக் குற்றமென்று கூறல் தகாது. வகுத்ததென்பது மறக்கப்பட்டமையே குற்றம்.

இவ்விடத்தில் நம் கிழக்கிலங்கையின் கூத்து மரபு நமக்கு நல்ல பாடம் புகட்டுகின்றது. மட்டக்களப்பு வடமோடிக் கூத்தில் அரசனாக வருபவன் கரப்புடுப்பு எனும் அகன்று விரிந்த உடையை அணிவான். பாரமான முடியைத் தரிப்பான். மரத்தாற் செய்து கண்ணாடித்துண்டு பதித்த அணிகலன்களைப் பூணுவான். களரியைச் சுற்றி விடியவிடிய இருந்து பார்க்கும் ஊரார் எவரும், கர்ணன் குருக்கேத்திரத்தில் இத்தகைய உடுப்பைத்தான் அணிந்தான் என்று எண்ணுவதில்லை. அது கூத்தின் உடை. அரசன் இவன், வீரன் இவன் என்று தூரத்திலிருந்தே காட்டும் அடையாளம். பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் "கர்ணன் போர்", "இராவணேசன்" முதலிய கூத்துகளைச் செம்மைப்படுத்தி மேடையேற்றியபோது, பழைய அண்ணாவிமாரின் ஆடலையும் பாடலையும் போற்றிக்கொண்டே நேரத்தைச் சுருக்கினார். அங்கும் இராவணன் கூத்தின் இராவணனாகவே வந்தான். தொல்பொருளாய்வில் அகழ்ந்தெடுத்த இராவணனாக வரவில்லை. புராண வீரர்க்கு உரிய சான்று மரபே என்பதும், மரபு தன்னை மரபென்று ஒப்புக்கொள்ளும்போது எவரையும் ஏமாற்றுவதில்லை என்பதும் இதனாற் பெறப்படும்.

மூன்றாவதாகிய வரலாற்று வீரரிடத்தில்தான் சிக்கல் மிகுதி. கல்கி இரா. கிருஷ்ணமூர்த்தி தம் பெயர்கொண்ட வார இதழில் 1950ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் "பொன்னியின் செல்வன்" தொடர்கதையைத் தொடங்கினார். அது 1954ஆம் ஆண்டு வரை வெளிவந்தது. அதற்குப் படம் வரைந்தவர் மணியம். கதையின் இரண்டாம் பாகமாகிய "சுழற்காற்று" பெரிதும் ஈழநாட்டில் நிகழ்வது. ஆசிரியரும் இங்கு வந்து தொல்லிடங்களைப் பார்த்துச் சென்றவரே. மணியம் சிற்பங்களையும் ஓவியங்களையும் நேரிற் கண்டு பயின்றவர். கொண்டை, தோள்வளை, இடைக்கச்சை என்பவற்றை நாடகக் கொட்டகையிலிருந்து எடுக்காமல் கோயிற்சுவரிலிருந்து எடுத்தமையே அவர்தம் பெருமை. 1968ஆம் ஆண்டில், ஐம்பது வயதும் நிரம்புமுன், அவர் மறைந்தார். அக்கதை பின்னர் மீண்டும் மீண்டும் தொடராக வந்தபோது வினு, பத்மவாசன், வேதா முதலிய ஓவியர் படம் எழுதினர். ஆயினும் வந்தியத்தேவன் என்றதும் முதியோர் பலர் மனத்தில் எழுவது மணியத்தின் கோடுகளே.

கல்கியும் மணியமும் நமக்குத் தந்தது பெரிது. எனினும் வரலாறு கற்போர் ஒன்றைக் கருதவேண்டும. குந்தவையார் வரலாற்றில் வாழ்ந்தவர். தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டுகள் அவரையும் அவர் கணவர் வல்லவரையர் வந்தியதேவரையும் கூறுகின்றன. நந்தினியோ ஆசிரியர் கற்பனையிற் பிறந்தவள். கதையைக் கூர்ந்து படிப்பவன் இவ்வேறுபாட்டைத் தேடி அறிய இயலும். படத்திலோ இருவரும் ஒரே உறுதியோடு நிற்கின்றனர். ஒருத்தியின் வளையல் மற்றொருத்தியின் வளையலைவிட மங்கலாக இல்லை. எழுத்தாளன் "என்பர்" என்று ஒரு சொல்லால் தன் ஐயத்தைக் காட்டலாம்; ஓவியனுக்கு அச்சொல் இல்லை. இதுவே ஓவியத்தின் வலிமை. இதுவே அதன் இடர்.

இராசராசன் திறத்தில் நமக்குச் சான்று இல்லாமலில்லை. அவன் எடுப்பித்த தஞ்சைப் பெரிய கோயில் 1010ஆம் ஆண்டில் நிறைவெய்தியது. அதன் கருவறையைச் சூழ்ந்த இருண்ட சுற்றுவழியில், நாயக்கர் காலத்துப் பூச்சின் கீழே சோழர் காலத்து ஓவியங்கள் மறைந்திருப்பதை அண்ணாமலைப் பல்கலைக்கழகத்து எஸ். கே. கோவிந்தசாமி 1931ஆம் ஆண்டில் கண்டு உலகுக்கு அறிவித்தார். சுந்தரர் வெள்ளானைமீதும் சேரமான் பெருமாள் குதிரைமீதும் கயிலை செல்லும் காட்சியும், திரிபுரம் எரித்த காட்சியும், ஆடல்மகளிரும் அங்கு உள்ளனர். இராசராசனும் கருவூர்த்தேவரும் என்று பலர் கருதும் உருவங்களும் உள்ளன. அவ்வுருவங்களில் வெல்வெட்டுச் சட்டை இல்லை. சரிகை வைத்த நீண்ட அங்கி இல்லை. முடிந்த கூந்தலும் வெற்றுமேனியுமே காணப்படுகின்றன.

ஆயின் மக்கள் கண்ட இராசராசன் யார்? 1955ஆம் ஆண்டில் டி. கே. எஸ். சகோதரர் மேடையேற்றிய அரு. இராமநாதனின் "இராஜராஜ சோழன்" நாடகத்தின் அரசன். அந்நாடகத்தைத் தழுவி 1973ஆம் ஆண்டில் வெளிவந்து, தமிழின் முதற் சினிமாஸ்கோப் படமாக விளங்கிய திரைப்படத்தில் சிவாஜி கணேசன் காட்டிய அரசன். 2022, 2023ஆம் ஆண்டுகளில் மணிரத்தினம் இயக்கிய "பொன்னியின் செல்வன்" படங்களின் இளவரசன். சோழனை வரையுமாறு மாணவரைப் பணிப்போர் இதனை நன்கறிவர். தஞ்சைச் சுவரில் உள்ளவனை ஒருவரும் வரைவதில்லை. தாம் இறுதியாகக் கண்ட நடிகரையே வரைவர். பாடநூல் ஒருபக்கம் பேச, படம் மறுபக்கம் இழுக்கின்றது, வெற்றி படத்திற்கே.

இம்மூவகை வீரரையும் ஒரே பட்டறையில் சேர்த்தவர் அனந்த பாய். 1964ஆம் ஆண்டில் பம்பாயில் டைம்ஸ் ஆஃப் இந்தியா நிறுவனம் இந்திரஜால் காமிக்ஸ் எனும் வெளியீட்டைத் தொடங்கியபோது அதன் ஆக்கத்தில் அவர் பங்குகொண்டார். அதில் முதன்முதல் வந்தவன் முற்கூறிய முகமூடி வீரனே. பின்னர் 1967ஆம் ஆண்டில் அமர் சித்திரக் கதை வரிசையை அவர் தொடங்கினார். அதில் இந்தியக் கதையாக முதலில் வந்த "கிருஷ்ணா"வுக்கு ராம் வயீர்கர் படம் வரைந்தார். முகமூடி வீரன் எந்தப் பக்கத்தில் வந்தாலும் ஒரே உடையில் வருதல் படக்கதையின் விதி. சிறுவர் கண்டவுடன் அறிதற்பொருட்டு அமைந்த விதி அது. அதே விதி கண்ணனுக்கும் அருச்சுனனுக்கும், பின்னர் சிவாஜிக்கும் அசோகனுக்கும் பொருந்தலாயிற்று. புனைந்தவனும் புராணத்தவனும் வரலாற்றவனும் ஒரே அளவுப் பெட்டிகளில், ஒரே வகைக் கோடுகளில் நின்றனர். பிள்ளைகள் தம் பழங்கதைகளை அறிந்தனர் என்பது பெரும்பயன். மூவரும் ஒரே வகையான மெய்ம்மை உடையவர் என்று எண்ணினர் என்பது அதற்குக் கொடுத்த விலை.

இவையெல்லாம் கடல்கடந்த செய்திகள். நமக்கு இவற்றால் ஆவதென்ன என்று ஒருவர் வினவலாம். ஓர்ஸ் ஹில்லில் வாழும் நமக்கு இது வீட்டுவாயிற் செய்தியாகும். 993ஆம் ஆண்டளவில் இராசராசன் படை அநுராதபுரத்தை வீழ்த்தியது. 1017ஆம் ஆண்டில் இராசேந்திரன் படை ஐந்தாம் மகிந்தனைச் சிறைப்பிடித்தது. திருகோணமலைக்கு வடமேற்கே பெரியகுளத்தருகேயுள்ள வெல்கம் விகாரை, இராசராசப் பெரும்பள்ளி எனும் பெயர் பெற்றுத் தமிழ்ப் பௌத்தரின் கொடைகளைத் தமிழ்க் கல்வெட்டுகளிற் பொறித்து நிற்கின்றது. கோணேசர் மலையில் இராவணன் வெட்டு உள்ளது. அதனருகே அவன் உருவமும் நிறுவப்பட்டுள்ளது. குளக்கோட்டன் புகழைக் கோணேசர் கல்வெட்டு எனும் நூல் பாடுகின்றது. ஆக, வரலாற்று வீரனும் புராண வீரனும், இரண்டுக்கும் இடையில் நிற்கும் வீரனும் நம் ஊரிலேயே உள்ளனர்.

இவர்களுள் குளக்கோட்டனை எண்ணிப் பாருங்கள். அவன் காலம்பற்றி ஆய்வாளரிடையே கருத்து வேறுபாடு உண்டு. அவனை எழுதித் தருமாறு ஓவியர் ஒருவரிடம் கேட்போமாயின் அவர் முதலிற் கேட்பது, "என்ன உடை?" என்பதே. சோழ அரசனின் கோலத்தில் எழுதுக என்போமாயின், நாம் ஆடை ஒன்றைத் தெரிந்தோம் என்று மட்டும் எண்ணுவோம். உண்மையில் நாம் ஒரு காலத்தையே தெரிந்துவிட்டோம். அறிஞர் முடிவு செய்யாத வழக்கைத் துணிக்கடையில் முடிவு செய்துவிட்டோம். படம் பாடசாலை மண்டபத்தில் இருபது ஆண்டு தொங்குமாயின், அதனைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு அதுவே சான்றாகிவிடும். உடை என்பது ஓவியத்தில் எழுதப்பட்ட ஆண்டுக்கணக்கு என்பதை மறத்தலாகாது.

இராவணன் செய்தியில் இடர் இன்னும் மிகுதி. அண்மைக் காலத்தில் இந்நாட்டில் இரு மொழியாரும் அவனைத் தத்தம் முன்னோனாக உரிமை கொண்டாடி எழுதியும் வரைந்தும் வருகின்றனர். 2019ஆம் ஆண்டில் விண்ணிற் செலுத்தப்பட்ட இலங்கையின் முதற் செய்மதிக்கும் அவன் பெயரே சூட்டப்பட்டது. ஒருவர் அவனுக்கு அணிவிக்கும் முடியும் மற்றொருவர் அணிவிக்கும் முடியும் இன உரிமையின் முத்திரைகளாகி விடுகின்றன. கூத்துக்களரியில் கரப்புடுப்பு அணிந்து ஆடும் இராவணனாற் பகை மூளவில்லை. அவன் மரபின் மகன் என்பதை எல்லாரும் அறிந்திருந்தனர். அவனைத் தொல்பொருளாய்வின் மகனாக்கி, இதுவே அவன் அணிந்த உண்மை உடை என்று சாதிக்கும்போதே படம் படைக்கலமாகின்றது.

அப்படியாயின் பழம்வீரரை எழுதுவித்தலையே கைவிடுவதா? அன்று. எழுதுவிப்போர் தம் கடமையை உணர்ந்து எழுதுவித்தல் வேண்டும். பிழையெல்லாம் ஓவியன் தலையிற் சுமத்தல் நம் வழக்கம். பரோடா மன்னர் தம் ஓவியருக்குப் பயணத்துக்குக் காலமும் நிறைந்த பொருளும் கொடுத்தார். அமெரிக்கப் பதிப்பாளரோ சூப்பர்மானின் உரிமை முழுவதையும் 130 டாலருக்கு வாங்கிக்கொண்டனர். வார இதழின் ஓவியர் அடுத்த கிழமைக்குள் படத்தை முடிக்கவேண்டியவர். காலமும் சான்றும் கொடாமல், "பழைய கோலத்தில் வரைக" என்று மட்டும் ஏவினால், ஓவியன் கைக்கெட்டிய கோலத்தையே வரைவான். அது சர்க்கஸாக இருக்கலாம், நாடகக் கொட்டகையாக இருக்கலாம், திரைப்படமாகவும் இருக்கலாம்.

ஆதலின் பாடசாலைகளும் கோயில்களும் மன்றங்களும் ஓவியரை நாடும்போது மூன்று செயல்களை மேற்கொள்ளல் நன்று. முதலாவது, எழுதப்படும் வீரன் எவ்வகையினன் என்று முடிவு செய்தல். புனைந்தவனாயின் முதற்படத்தையும், புராணத்தவனாயின் மரபையும், வரலாற்றவனாயின் அவன் காலத்துப் பொருள்களையும் ஓவியனிடம் கொடுக்க வேண்டும். இரண்டாவது, அப்பொருள்களைத் தொலைவில் தேடுமுன் அருகில் தேடுதல். 1950ஆம் ஆண்டில் இவ்வூரிற் கிணறு தோண்டியபோது கிடைத்த கோணேசர் கோயிற் செப்புத்திருமேனிகள் உள்ளன. பொலநறுவைச் சிவாலயத்தில் கிடைத்துக் கொழும்பு அரும்பொருட்சாலையில் இருக்கும் சுந்தரர் முதலிய அடியாரின் திருவுருவங்கள் உள்ளன. சிகிரியாக் குன்றில் ஐந்தாம் நூற்றாண்டு ஓவியங்கள் உள்ளன. ஆடையின் மடிப்பும், அரைஞாணின் முடிச்சும், கூந்தலின் கட்டும் அவற்றில் உலோகத்திலும் வண்ணத்திலும் நிலைத்திருக்கின்றன. மூன்றாவது, படத்தின் கீழே இரண்டு வரி எழுதுதல். எழுதுவித்தவர் யார், எழுதியவர் யார், எந்த ஆண்டில், எதனைப் பார்த்து எழுதப்பட்டது, எது ஓவியரின் கற்பனை என்பவற்றை அவ்விரு வரி கூறவேண்டும். ஓவியனுக்கு இல்லாத "என்பர்" என்னும் சொல்லை நாமே அவனுக்கு அளிப்பதாகும் அது.

மாணவர்களுக்கு ஒரு சொல். நீங்கள் மாயாவியின் கதையையும் படியுங்கள். பொன்னியின் செல்வனையும் படியுங்கள். கூத்தையும் விடியுமட்டும் இருந்து பாருங்கள். ஒவ்வொரு வீரனையும் காணும்போது அவன் யாரை வென்றான் என்று கேட்பதோடு நில்லாமல், இவ்வுடையை இவனுக்கு அணிவித்தவர் யார், எப்பொழுது அணிவித்தார் என்றும் கேளுங்கள். அவ்வினாவுக்கு விடை தேடிச் செல்பவன் தஞ்சைச் சுற்றுவழியையும் கொழும்பு அரும்பொருட்சாலையையும் வெல்கம் விகாரையின் கல்வெட்டையும் அடைவான். வரலாற்றுக் கல்வி அங்கேதான் தொடங்குகின்றது.